கோதுமைத் தூசு

மூன்று முறை ஊதியும் அந்தத் தூசு போகவில்லை.

மெர்வ் ரோமன்யுக் ரப்பர் ஊதுபந்தை மேஜைமேல் வைத்துவிட்டு, ஃபிலிம் துண்டை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். வெளியே ஜனவரி மதியம். மூன்று நாள் விழுந்த பனி கோதுமை வயல்கள் முழுக்கப் பரந்து கிடந்து வெயிலைத் திருப்பி அடித்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு மயிரிழை கிடந்தாலும் கண்ணில் படும். ஃபிலிமில் ஒன்றுமில்லை. ஆனால் கணினித் திரையில், நான்காவது படத்தின் மேல் மூலையில், அரிசிக் குறுணை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

நெகட்டிவில் தூசு உட்கார்ந்தால் அது ஒளியை மறைக்கும். படமாகத் திருப்பும்போது அந்த இடம் வெள்ளையாக வரும். ஒன்பது வருஷமாக லார்ன்டேல் ஊருக்கே பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறவர் அவர். தூசு எங்கிருந்து வரும், எதைக் கண்டால் அடங்கும் என்பதெல்லாம் கைக்குப் பழகியிருந்தது. குளிர்காலத்தில் சஸ்காச்சுவானில் காற்று காய்ந்து கிடக்கும். உறையிலிருந்து உருவும்போதே ஃபிலிமில் மின்சாரம் ஏறி, அறையில் மிதப்பதையெல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். அதனால் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை அணைத்துவிடுவார். தரையிலுள்ள சூட்டுக்காற்றுத் துவாரத்தை டேப்பால் ஒட்டிவிடுவார். பக்கத்துக் குளியலறையில் வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டு, அந்த ஆவி இந்த அறைக்குள்ளும் மெல்ல ஏறும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பார். ஈரக்காற்றில் தூசு கனத்துத் தரைக்கு இறங்கிவிடும். கம்பளிச் சட்டை போடமாட்டார். வெள்ளைப் பருத்திக் கையுறை. ஃபிலிமைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து கீழே ஊதி, மெல்லிய முடித் தூரிகையால் ஒரே ஓர் இழுப்பு. அதற்குமேல் தேய்த்தால் அதுவே தூசைக் கூப்பிடும்.

இன்றைக்கும் எல்லாம் செய்திருந்தார். மறுபடி ஸ்கேன் செய்தார். கருவியின் விளக்கு கண்ணாடிக்கடியில் ஊர்ந்து போய்த் திரும்பியது.

புள்ளி மூலையில் இல்லை. படத்தின் நடுவில் நின்ற மனிதனின் தோள்மேல் இருந்தது.

'இது வேற ஒண்ணு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது போயிற்று, இது வந்தது. அப்படி நடப்பதுதான்.

படத்தில் நின்றவன் கார்னி வீப். வயது இருபத்தெட்டு. தானியக் கிடங்கின் வாசலில், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, முன்பற்கள் இரண்டும் தெரிய, படம் எடுத்தவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். படம் எடுத்தவர் மெர்வ்தான். அன்று மாலை நாலு மணிக்குள் கார்னி செத்துப்போனான். மூன்று வருஷம் கழித்து அவன் மனைவி லெனோரை மெர்வ் கல்யாணம் செய்துகொண்டார். அவன் மகள் ட்வைலாவை வளர்த்தார். அப்பா என்று அவள் அழைப்பது இவரைத்தான். பெற்றவனைப் பற்றிப் பேசும்போது கார்னி என்று பேர் சொல்வாள்.

லெனோர் போன அக்டோபரில் இறந்துவிட்டாள். அவளுடைய அலமாரியை ஒழித்தபோது ட்வைலாவின் கையில் இந்தத் துண்டு சிக்கியது. ஆறு படங்கள். லெனோர் இதை வைத்திருந்தாள் என்பதே மெர்வுக்குத் தெரியாது. ட்வைலா ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'அப்பா, இதுல கார்னி இருக்காரு!' என்று கூவினாள். அப்புறம் வாங்காமல் இருக்க முடியவில்லை.

நான்காவது படத்தைத் திரையில் பெரிதாக்கினார். தூசைத் தேடித்தான் பெரிதாக்கினார். கார்னியின் தோளுக்குப் பின்னால், வாசலை ஒட்டிய சுவரில், அவர் நாற்பத்தாறு வருஷமாக மறந்தே போயிருந்த ஒரு கரும்பலகை இருந்தது. சாக்பீஸ் எழுத்து. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

செப்டம்பர் 9. கீழ்த்தளம் பெருக்க: மெர்வ்.

கையிலிருந்த தூரிகை விழுந்தது.

கோதுமையைக் கொட்டும்போது கிளம்பும் தூசு, பார்த்தால் மாவு மாதிரி இருக்கும். மூடிய இடத்தில் காற்றில் கலந்து நின்றால் வெடிமருந்து. தானியத்தை வாளிவாளியாக மேலே அள்ளிப் போகும் பட்டையின் அடிப்பாகம் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே தினம் பெருக்க வேண்டும். முறை வைத்துப் பெருக்குவார்கள். அன்று மெர்வின் முறை. மதியம் இரண்டு மணிக்கு, மீதி இருக்கும் ஒரு படத்தை எடுத்துவிட்டு வருகிறேன் என்று கேமராவோடு கார்னியின் வீட்டுப் பக்கம் போனார். லெனோர் கொல்லையில் சின்ன ஆப்பிள்களைப் பறித்துக்கொண்டிருந்தாள், குழந்தை இடுப்பில். இந்தத் துண்டின் ஆறாவது படம் அது. தப்பாக எதுவும் நடக்கவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டார், பேசினார், அவள் சிரித்தாள். ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தபோது கோதுமை லாரி காத்திருந்தது. கார்னி மாடிப் படியிலிருந்து கத்தினான்: 'டேய், கீழ பெருக்கியாச்சா?' மெர்வ் முற்றத்தைத் தாண்டி எடைமேடைக்கு நடந்துகொண்டே கையை உயர்த்தினார். 'ஆச்சு!'

கார்னி பட்டையை ஓட்டினான். கீழே நின்ற தூசுக்கு ஒரு பொறி போதுமாயிருந்தது.

விசாரணையில் மெர்வ் ஒரே வாக்கியம்தான் சொன்னார். தானே பெருக்குகிறேன் என்று கார்னி சொன்னான், என்று. மறுத்துப் பேச ஆளில்லை. கிடங்கும் இல்லை, கரும்பலகையும் சாம்பல். சோம்பேறித்தனத்தால் கிடங்கை எரித்துத் தானும் செத்தவன் என்று ஊர் பேசிற்று. லெனோரும் அதை நம்பினாள், அல்லது நம்பியதாக மெர்வ் நினைத்தார். அப்படியானால் இந்தத் துண்டு அவள் அலமாரியில் ஏன் இருந்தது?

போன் அடித்தது. ட்வைலா.

'அப்பா, சாப்பிட்டீங்களா? இல்ல காப்பியக் குடிச்சே ஓட்டறீங்களா?'

'சாப்பிட்டேம்மா.'

'பொய். ஞாயித்துக்கிழமை முட்டைகோஸ் ரோல் கொண்டு வரேன், ஒழுங்கா சாப்பிடணும். கார்னி மூஞ்சி தெரியுதா?'

'தெரியுது... ஆனா தூசு நெறைய இருக்கு, ட்வைலா. நாப்பத்தாறு வருஷம் ஆச்சே. சரியா வராதுன்னு தோணுது.'

'உங்களுக்கா வராது? ஐரீன் வீட்டு எலி கடிச்ச ஆல்பத்தையே புதுசாக்கிக் கொடுத்தவரு நீங்க.' அவள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. 'அந்த ஐரீன் போன மியூசியக் கமிட்டிக் கூட்டத்துல என்ன சொன்னா தெரியுமா? மியூசியத்துல சுவர் காலியா இருக்குன்னு, கிடங்க எரிச்சவன் படத்தையா மாட்டறதுன்னா. அத்தன பேர் முன்னாடி. நான் அழுதுக்கிட்டே எழுந்து போயிருவேன்னு நினைச்சா. போகலையே. அவரு சோம்பேறியாவே இருந்துட்டுப் போகட்டும், செத்தது அவருதானே, உங்க வீட்டு ஆள் இல்லயேன்னு கேட்டேன். வாய மூடிக்கிட்டா. நல்ல படமா ஒண்ணு கொண்டு வந்தா மாட்டறோம்னு ஒத்துக்கிட்டாங்கப்பா. ரெண்டு வருஷச் சண்டை.'

'நல்லதும்மா.'

'நெகட்டிவையும் பத்திரமா வைங்க. சஸ்கட்டூன்ல ஒருத்தர் அதுலேர்ந்தே நேரா பெருசா பிரிண்ட் போட்டுத் தரேன்னிருக்காரு. ஆள் உயரத்துக்கு!'

ஆள் உயரம். அப்படியானால் கரும்பலகையும் அதன் நிஜ அளவுக்கு வரும். ஐரீனின் மங்கிய கண்ணுக்குக்கூட எழுத்து தெரியும்.

போனை வைத்ததும் மெர்வ் திரையின் முன் உட்கார்ந்து, தூசுப் புள்ளிகளை அழிக்கும் கருவியை எடுத்து, சாக்பீஸ் எழுத்துகளின்மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினார். தூசை அழிப்பதும் பேரை அழிப்பதும் அதற்கு ஒன்றுதான். ஐந்து நிமிஷத்தில் பலகை வெறும் கறுப்பாயிற்று. கார்னி சிரித்துக்கொண்டே இருந்தான். சேமித்தார். எழுந்து போய் ஃபர்னஸைப் போட்டு, ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, வழக்கம்போல லெனோரின் நாற்காலியைப் பார்க்காமல் டிவி பார்த்து, தூங்கப் போனார்.

சனிக்கிழமை காலையில் கோப்பைத் திறந்தபோது எழுத்து திரும்பி வந்திருந்தது.

சேமிக்க மறந்திருப்பேன் என்று நினைத்தார். வயதாகிறது. ஆனால் புள்ளிகளும் இருந்தன. ஒன்றல்ல. நாற்பது, ஐம்பது. ஃபர்னஸை அணைத்தார், ஷவரைத் திறந்தார், துவாரத்தின் டேப்பை நகத்தால் தேய்த்து இன்னொரு முறை அழுத்தினார், ஆவி வந்து ஜன்னல் கண்ணாடி மங்கும்வரை காத்திருந்து, ஊதி, தூரிகையால் இழுத்து, பக்கவாட்டில் விளக்கடித்து உருப்பெருக்கியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்து, ஒரு துகள்கூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்கேன் செய்தார்.

நூற்றுக்கணக்கில் வெள்ளை.

இன்னொரு முறை. இன்னும் அதிகம்.

ஐந்தாவது முறைதான் அவருக்குப் புலப்பட்டது. தூசு கண்டபடி விழவில்லை. ஃபிலிம் தட்டையான ஒரு துண்டு. அதன்மேல் விழும் தூசுக்குத் தோள் எது, ஆகாயம் எது என்று தெரியாது. ஆனால் இது கார்னியின் தொப்பி விளிம்பில் தடித்துப் படிந்திருந்தது. தோள்களின் மேட்டில் குவிந்திருந்தது. சட்டைப்பையின் ஓரத்தில், பூட்ஸின் மூக்கில், புருவத்தில். நிற்கிற ஆள்மேல் மேலிருந்து தூசு விழுந்தால் எங்கெல்லாம் தங்குமோ அங்கெல்லாம் தங்கியிருந்தது. சிரித்த வாய்க்குள்ளும் கொஞ்சம்.

பலகையில் மட்டும் ஒரு துகள் இல்லை. மெர்வ் என்ற எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

அவர் ஃபிலிமைக் கழுவ முடிவு செய்தார். அதுதான் கடைசி வைத்தியம். வடித்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீர்த்தடம் விழாமலிருக்க ஒரு சொட்டுத் திரவம் கலந்த தண்ணீரில் அலசி, குளியலறைக் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, கதவைச் சாத்தினார். வீடு குளிர ஆரம்பித்திருந்தது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. அடுப்படியில் நின்று காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக் குளிர் காய்ந்தார். குழாயில் நீர் சொட்டும் ஓசை, சுவர் மரம் குளிரில் முறியும் ஓசை, வெகுதூரத்தில் யாரோ பனி தள்ளும் இயந்திரம்.

அப்புறம் அந்த வாசனை. குளியலறைக் கதவுக்கடியிலிருந்து வந்தது. ரொட்டி மாவும் நனைந்த சாக்கும் லேசான புளிப்பும் கலந்தது. நாற்பத்தாறு வருஷமாக அவர் மூக்கில் ஏறாத கிடங்கு வாசனை. கதவைத் திறந்தார். ஃபிலிம் அசையாமல் தொங்கியது. அதற்கு நேர் கீழே, வெள்ளைத் தொட்டியின் விளிம்பில், மங்கிய மஞ்சளில் மெல்லிய தூசுக்கோடு ஒன்று. விரலால் தொட்டார். மாவைப் போல மெத்தென்றிருந்தது. ஈரமான தொட்டியில் அது நனையாமல் கிடந்தது.

ஃபர்னஸ் ஃபில்டரை மாற்றி நாளாகிறது, அந்தத் தூசுதான் இது என்று வாய்விட்டே சொன்னார். ஈரத்துணியால் துடைத்தார். துணியைக் குப்பையில் போட்டார். குப்பைப் பையைக் கட்டி வெளியே பனியில் வைத்துவிட்டு வந்தார்.

வந்து நின்றபோது சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

வேலை அறையின் தரைத் துவாரத்திலிருந்து வந்தது. ஃபர்னஸ் அணைந்திருக்கிறது, குழாயில் காற்று ஓடவில்லை. அடித்தளத்தில் யாரோ சிமெண்டுத் தரையைப் பெருக்குகிறார்கள். அவசரமில்லாமல், மூலைமூலையாக. கொஞ்சம் நிற்கும். குனிந்து அள்ளுவது போல. மறுபடி தொடங்கும்.

அவர் அடித்தளத்துக்கு இறங்கிப் பார்க்கவில்லை. இறங்க வேண்டும் என்று ஒரு கணம் கால் நகர்ந்தது. கீழே போய் அந்தத் துடைப்பத்தை வாங்கி, கொடுடா, இது என் வேலை என்று சொல்லியிருக்கலாம். அதை நினைத்து வருந்தக்கூடப் பின்னால் அவருக்கு நேரமிருக்கவில்லை. அவர் துவாரத்தின்மேல் இன்னும் மூன்று வரிசை டேப் ஒட்டினார். ஒட்டிய டேப் மெல்ல உப்பியது. தாழ்ந்தது. உப்பியது.

ஃபிலிம் காய்ந்ததும், பலகை எழுத்தைத் தொடாமல், தூசு அழிக்கும் எந்தக் கருவியையும் எடுக்காமல் ஒரு முறை ஸ்கேன் செய்தார். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. பேரை அழிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, வந்தது வரட்டும் என்றுதான் பொத்தானை அழுத்தினார்.

சுத்தமான படம் வந்தது. கார்னியின் கன்னத்து மச்சம்வரை தெரிந்தது. அவன் பின்னால் மெர்வின் பேர்.

அவருக்கு விளங்கிவிட்டது. இதை அப்படியே கொடுத்தால் போதும். ட்வைலா பார்ப்பாள், கேட்பாள், அவர் சொல்வார். அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. பெருக்கும் சத்தமும் நின்றிருந்தது. பதில் எதிர்பார்த்து யாரோ துடைப்பத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பது போல வீடு அமைதியாக இருந்தது.

எழுபத்து மூன்று வயது. மனைவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் முட்டைகோஸ் ரோல் கொண்டுவரும் ஒருத்தி மட்டும் இருக்கிறாள்; அவளும் தன் ரத்தம் இல்லை. அவள் அப்பா என்று கூப்பிடாத ஒரு ஞாயிறை நினைத்துப் பார்த்தார். முடியவில்லை.

மேஜை இழுப்பறையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார்.

ஃபிலிமின் மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கும். சுரண்டினால் பெயர்ந்து வந்துவிடும். நெகட்டிவில் சாக்பீஸ் எழுத்து கறுப்பாக இருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டால் அந்த இடம் பலகையோடு பலகையாகக் கலந்துவிடும். எந்தப் பிரிண்டிலும் தெரியாது. உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கத்தி முனையால் தொட்டார். முதல் எழுத்து. இரண்டாவது. கை நடுங்கவில்லை. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது. பேரோடு பலகை எழுத்து முழுக்கப் போக இருபது நிமிஷம்.

கத்தியிலிருந்து உதிர்ந்த பொடி கறுப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது. எழுத்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பொடி ஒரு கரண்டி இருந்தது. கையுறையில், மேஜையில், சட்டைக் கையில். ஊதினார். எழும்பியது. எழும்பியது கீழே இறங்கவில்லை.

ஸ்கேன் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். திறந்தார்.

சுத்தம். முகம் பளிங்கு மாதிரி. பின்னால் வெறும் கறுப்புப் பலகை. எங்கும் ஒரு புள்ளி இல்லை. ஆறாவது படத்தையும் ஸ்கேன் செய்தார், அதுவும் சுத்தம். மெர்வ் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதார். நிம்மதியில் அழுததாகத்தான் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை பத்தரைக்கு ட்வைலா வந்தாள். பூட்ஸைத் தட்டி, கோட்டைக் கழற்றி, துணி சுற்றிய பாத்திரத்தை அடுப்படியில் வைத்தாள்.

'என்னப்பா இவ்ளோ குளிரு வீட்ல? ஃபர்னஸ் போடலையா?'

'தூசு வரும்னு...'

'உங்க தூசும் நீங்களும். எங்க, காட்டுங்க.'

வேலை அறை ஒரு காலத்தில் அவளுடைய படுக்கையறை. அவர் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்; அவர் பின்னால் நின்றார். ஜன்னல் முழுக்கப் பனி வெளிச்சம். நான்காவது படம் திரையில் விரிந்தது.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

'இவரா?' என்றாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'என் பல்லுப்பா. பாருங்க, அப்படியே என் முன்பல்லு. கம்பி மாட்டணும்னு அம்மா எவ்ளோ செலவழிச்சா!'

'ஆமா' என்றார்.

'கல்யாண போட்டோல வாய மூடிட்டு நிப்பாரு. சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.' அவள் திரையை விரலால் தொட்டாள். 'உங்ககிட்ட சொன்னதில்லப்பா. ஸ்கூல்ல பசங்க என் மேஜைமேல ஒரு துடைப்பத்த வெச்சுட்டுப் போயிருவாங்க. எத்தனையோ தடவை. நான் அவங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து இவரைத்தான் திட்டுவேன். தலைகாணில மூஞ்சிய வெச்சு. ஒரு துடைப்பத்த எடுக்க முடியலயா உனக்கு, பொண்டாட்டி, புள்ள இருக்கேன்னு தோணலையான்னு. இத்தன வருஷம் திட்டிட்டேதான் இருந்தேன்.'

மெர்வ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

'இந்த மூஞ்சியப் பார்த்தப்புறம் முடியலப்பா. மன்னிச்சுட்டேன். போகட்டும். ஏதோ அன்னிக்குச் சோம்பலா இருந்திருக்கும்.'

செய்யாத ஒன்றுக்காக அவனை அவள் மன்னித்தாள். அழிந்தது ஒரு பேர், அது போய்ச் சேர்ந்த இடம் இதுதான். அந்தக் கணத்தில் அவருக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. சொல்லிவிட வேண்டும். ஞாயிறுகள் போகட்டும், அப்பா என்ற சொல் போகட்டும். என் முறைம்மா, நான்தான் பெருக்கல. நாலே சொற்கள். வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை.

தொண்டையில் ஏதோ நிறைந்திருந்தது. உலர்ந்தது. மெத்தென்றது. இருமப் பார்த்தார், இருமல் எழவில்லை. நாக்கின்மேல் ரொட்டி மாவும் நனைந்த சாக்கும். மறுபடி வாயைத் திறந்தார்.

கொட்டியது.

மஞ்சளாக. சத்தமில்லாமல். தாடையிலிருந்து சட்டையில், சட்டையிலிருந்து தரையில். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் வழிந்தது. சொல்ல முயன்ற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பிடி. அவர் முயன்றார். முயன்றுகொண்டே இருந்தார். அறை மங்கியது. பனி வெளிச்சத்தில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாக மின்னியது. இறங்கவில்லை. நின்றது.

அவள் மூச்சு இழுப்பது கேட்டது. நிதானமாக. ஆழமாக. அவள் மூக்கருகே துகள்கள் வரிசையாக உள்ளே போயின.

ட்வைலா, எழுந்திரு. வெளிய போ என்று அவர் வாய் மட்டும் அசைந்தது. அவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். கை அழுந்திய இடத்தில் பொடி சரிந்தது. அவள் தலைமுடியில் தடித்துப் படிந்திருந்தது. தோள்களின் மேட்டில் குவிந்திருந்தது. புருவத்தில். சட்டைக் காலரின் ஓரத்தில்.

அவள் மெல்லத் திரும்பினாள். முன்பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பற்களுக்கிடையே மஞ்சள். இமைகளில் மஞ்சள். விரியத் திறந்த விழிகளின்மேலும் அது படிந்து மூடியிருந்தது. அவள் இமைக்கவில்லை.

'எவ்ளோ சுத்தமா எடுத்திருக்கீங்கப்பா,' என்றாள். 'ஒரு தூசுகூட இல்ல.'